மல்டிமீட்டரில் சரியாகவும் பத்திரமாகவும் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக மீட்டர் வாங்கியவர்களும் பல வருடமாகக் கையில் வைத்திருப்பவர்களும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மீட்டர் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ப்ரோப் (மீட்டர் ஒயரின் நுனியில் உள்ள ஊசி) தொட்ட கணத்திலிருந்து அதுவும் அந்த சர்க்யூட்டில் ஒரு பாகம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இதிலிருந்தே வருகின்றன.

1. மூணு ஓட்டை இருக்கு. கறுப்பை எதுல சொருகணும், சிவப்பை எதுல சொருகணும்?

கறுப்பு எப்போதும் ‘காம்’ என்று எழுதிய துளையில். அதைக் கழற்றவே வேண்டாம். இடம் மாறுவது சிவப்புதான். வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ், டயோட், பஸ்ஸர் (பாதை இணைந்திருந்தால் கத்தும் சோதனை) எல்லாவற்றுக்கும் வோல்ட், ஓம் குறி போட்ட துளை. கரண்டுக்கு மட்டும் மில்லிஆம்ப் துளை அல்லது 10 ஆம்ப் துளை. சில சின்ன மீட்டர்களில் மில்லிஆம்ப்பும் வோல்ட்டும் ஒரே துளையில் இருக்கும்.

கரண்ட் அளந்து முடித்த கையோடு சிவப்பை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். 10 ஆம்ப் துளைக்கும் காமுக்கும் நடுவே மீட்டருக்குள் இருப்பது 0.01 ஓம் அளவுள்ள ஒரு தடித்த கம்பி, அவ்வளவுதான். நாப் (திருகும் குமிழ்) வோல்ட்டில் இருந்தாலும் சிவப்பு அந்தத் துளையில் இருந்தால், ப்ளக் பாயின்டில் வைத்ததும் பேஸையும் நியூட்ரலையும் நேராக ஷார்ட் செய்கிறீர்கள். மீட்டரால் நடக்கும் விபத்துகளில் மிகவும் பழக்கமானது இது. ப்ரோப்பைத் தூக்கும் முன் கண் ஒருமுறை துளைக்குப் போய் வர வேண்டும்.

2. ஏசியா டிசியான்னே தெரியாத இடத்துல நாபை எங்க வைக்கிறது?

அலைக்கோடு போட்டது ஏசி, வீட்டு லைன் மாதிரி திசை மாறி மாறி ஓடுவது. நேர்கோட்டுக்குக் கீழே புள்ளிக்கோடு போட்டது டிசி, பேட்டரி மாதிரி ஒரே திசையில் ஓடுவது. தெரியாத இடமென்றால் இரண்டிலும் அளந்து பாருங்கள், அதுவும் இருப்பதிலேயே பெரிய ரேஞ்சில் தொடங்கி. டிசியில் மட்டும் வைத்து மெயின் லைனைத் தொட்டால் பூஜ்யத்துக்குப் பக்கமாகத்தான் காட்டும். ஏறுவதும் இறங்குவதும் சமமாக இருப்பதால் சராசரி பூஜ்யம். அதைப் பார்த்து ‘லைன் இல்லை’ என்று கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

மறுபக்கமும் ஏமாற்றும். விலை குறைந்த சில மீட்டர்களில் ஏசி ரேஞ்சில் டிசியைத் தடுக்கும் கெபாசிட்டர் இருக்காது. அதில் 9 வோல்ட் பேட்டரியை ஏசியில் வைத்தால் 20 வோல்ட் போலக் காட்டும். ப்ரோப்பை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். உங்கள் மீட்டர் அந்த வகையா என்று ஒரு பேட்டரியை வைத்து இப்போதே பார்த்துவிடலாம்.

3. சிவப்பும் கறுப்பும் மாறிப்போச்சுன்னா மீட்டர் போயிடுமா?

போகாது. டிசியில் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். ஏசியில் அதுவும் வராது. முள் மீட்டரில்தான் அந்தப் பயம் நியாயம்.

4. பேட்டரில எத்தனை ஆம்ப் இருக்குன்னு பாக்க, 10 ஆம்ப்ல வெச்சு ரெண்டு முனையையும் தொட்டாப் போதுமா?

வேண்டவே வேண்டாம். முதல் பதிலில் சொன்ன 0.01 ஓம் கம்பியை நினைத்துப் பாருங்கள். அதைப் பேட்டரியின் இரு முனைக்கும் நடுவே வைப்பது ஷார்ட் அடிப்பதுதான். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப் தள்ளக்கூடியது. பியூஸ் இல்லாத 10 ஆம்ப் துளை என்றால் ப்ரோப் ஒயர் உருகும், முனையில் பொறி தெறிக்கும்.

பேட்டரிக்குள் ‘ஆம்ப்’ இருப்பில் இருப்பதில்லை. எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை லோடு தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஆம்ப்-அவர் கணக்கு. அதை மல்டிமீட்டர் நேரடியாகச் சொல்லாது. மீட்டரால் வோல்டேஜைப் பார்க்கலாம்: 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜும் லோடும் இல்லாமல் சில மணிநேரம் இருந்த பிறகு 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.0 பக்கம் வந்தால் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. பிறகு ஹெட்லைட் மாதிரி ஒரு லோடைப் போட்டு, அது எரியும்போதே வோல்டேஜைப் பாருங்கள். லோடு போட்டதும் சரேலென்று விழும் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 காட்டினாலும் உதவாது.

5. அப்போ கரண்டை எப்படித்தான் அளக்கிறது?

வோல்டேஜை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அளக்கிறோம். கரண்டை அளக்க ஓடும் பாதையையே வெட்டி மீட்டரை இடையில் சேர்க்க வேண்டும். பவரை நிறுத்துங்கள், ஒயரைக் கழற்றுங்கள், கழற்றிய இரண்டு நுனியிலும் ப்ரோப்பை மாட்டுங்கள், பிறகு பவர் கொடுங்கள். எவ்வளவு வரும் என்று தெரியாவிட்டால் 10 ஆம்ப் துளையில் தொடங்கி, குறைவாக இருந்தால் கீழே இறங்குங்கள். 10 ஆம்ப் ரேஞ்சில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. பல மீட்டர்களில் 10 முதல் 30 விநாடிதான் அனுமதி. எவ்வளவு என்று துளைக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

மெயின் லைனில் ஓடும் கரண்டுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒயரை வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கும்போது உயிருள்ள ஒயரை வெட்டி மீட்டரைச் சேர்க்க எந்த அவசியமும் இல்லை.

6. கிளாம்ப் மீட்டரை பவர் கார்டு மேல மாட்டினேன், ஏர்கண்டிஷனர் ஓடுது, ஆனா பூஜ்யம் காட்டுதே?

கார்டுக்குள் பேஸும் நியூட்ரலும் சேர்ந்தே ஓடுகின்றன. ஒன்றில் போவது மற்றதில் திரும்புகிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒற்றை ஒயரை மட்டும் கவ்வ வேண்டும். இன்னொன்று, டிரான்ஸ்பார்மர் வகைக் கிளாம்ப் ஏசியை மட்டுமே அளக்கும். டிசி வேண்டுமானால் காந்தப்புலத்தை நேரடியாக உணரும் ஹால் சென்சார் உள்ள கிளாம்ப் வேண்டும்.

7. மீட்டர் பியூஸ் போச்சு. சின்ன செம்புக் கம்பி சுத்திப் போட்டுக்கலாமா?

கூடாது. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கண்ணாடி பியூஸும் கூடாது. நல்ல மீட்டருக்குள் இருப்பது மணல் நிரப்பிய பீங்கான் பியூஸ். 1000 வோல்ட்டுக்கு மதிப்பிட்ட 11 ஆம்ப், 440 மில்லிஆம்ப் பியூஸ்களைப் பல மீட்டர்களில் பார்க்கலாம். பியூஸ் கம்பி உருகுவதோடு வேலை முடிவதில்லை. உருகிய இடத்தில் எழும் தீப்பொறி அணைய வேண்டும். மெயினில் ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயலாம். கண்ணாடி பியூஸ் வெடித்து, ஆவியான உலோகத்தின் வழியே ஆர்க் தொடர்ந்து எரியும். அந்த ஆர்க்கை விழுங்குவதற்குத்தான் மணல்.

பியூஸ் விலை அதிகம் என்று பலர் தயங்குகிறார்கள். சரியான பியூஸ் போடும் வரை அந்த மீட்டரில் கரண்ட் அளக்காமல் இருக்கலாம். வோல்டேஜ், ஓம் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். கம்பி சுற்றிய மீட்டரை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

8. மீட்டர்ல ‘கேட் 3, 600 வோல்ட்’னு போட்டிருக்கு. 600 வோல்ட் வரைக்கும் அளக்கலாம்னு அர்த்தமா?

பாதி அர்த்தம் அது. ‘கேட்’ என்பது கேட்டகரி, அதாவது வகை. ஐஇசி 61010 என்ற பாதுகாப்புத் தரம், நீங்கள் அளக்கும் இடம் மின்மூலத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வைத்து வகை பிரிக்கிறது. ப்ளக் பாயின்டில் சொருகும் கருவிகள் கேட் 2. கட்டிடத்தின் டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, நிலையான ஒயரிங், மூன்று பேஸ் மோட்டார் இணைப்புகள் கேட் 3. வெளியிலிருந்து லைன் வந்து சேரும் இடம், மின்வாரிய மீட்டர் பக்கம் கேட் 4.

மெயினில் 230 வோல்ட் மட்டும் வருவதில்லை. இடி, பெரிய மோட்டார் ஆஃப் ஆவது போன்ற நேரங்களில் மைக்ரோவிநாடிகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் துள்ளும். கேட் 2, 600 வோல்ட் என்றால் 4000 வோல்ட் துள்ளலைத் தாங்க வேண்டும், கேட் 3, 600 வோல்ட் என்றால் 6000. சோதனையில் கேட் 2 மீட்டருக்கு 12 ஓம் வழியாகவும் கேட் 3 மீட்டருக்கு 2 ஓம் வழியாகவும் அந்தத் துள்ளலைக் கொடுக்கிறார்கள். அதாவது பின்னால் பாயத் தயாராக இருக்கும் கரண்ட் பல மடங்கு கூடுகிறது. அதனால் கேட் 2, 1000 வோல்ட் மீட்டரைவிடக் கேட் 3, 600 வோல்ட் மீட்டர் போர்டுக்குப் பொருத்தமானது.

ப்ரோப்பிலும் இதே குறி இருக்கும். மீட்டர் கேட் 3, ப்ரோப் கேட் 2 என்றால் உங்கள் கையில் இருப்பது கேட் 2 தான். மீட்டர்மேல் யார் வேண்டுமானாலும் எதையும் அச்சடித்துவிடலாம். யூஎல், டியூவி போன்ற தனிச் சோதனைக்கூடத்தின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

9. மெயின் லைனை அளக்கும்போது கையை எப்படி வெச்சுக்கணும்?

விரல்கள் ப்ரோப்பின் வளையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் ஒருபோதும் கூடாது. முடிந்தால் கறுப்புக்கு முதலைக் கிளிப் மாட்டி முதலில் நியூட்ரலில் கவ்வவிட்டு, சிவப்பை ஒரே கையால் பேஸில் வையுங்கள். எடுக்கும்போது சிவப்பு முதலில். மற்றக் கை எதையும் தொடாமல் இருந்தால் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நெஞ்சு வழியாகக் கரண்ட் பாயும் பாதை கிடைக்காது.

போர்டுக்குள் அளக்க, நுனியில் 4 மில்லிமீட்டர் மட்டும் உலோகம் தெரியும் ப்ரோப் வேண்டும். நீளமாகத் தெரியும் நுனி சற்றுச் சாய்ந்தால் பக்கத்து டெர்மினலோடு சேர்ந்துவிடும். ஒயர் காப்பு வெடித்த ப்ரோப்பை டேப் சுற்றிக் காப்பாற்றாதீர்கள்.

10. பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டேன். மீட்டர் பூஜ்யம் காட்டுது. இப்போ தொடலாம்தானே?

இன்னும் ஒரு வேலை பாக்கி. மீட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம், ப்ரோப் ஒயர் உள்ளே அறுந்திருக்கலாம், நாப் டிசியில் இருக்கலாம். எல்லாவற்றிலும் பூஜ்யம்தான் வரும். அதனால் முதலில் உயிரோடு இருக்கும் ஒரு பாயின்டில் வைத்து மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளங்கள். மறுபடி அந்த உயிருள்ள பாயின்டுக்கே போய் மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். மூன்றும் முடிந்த பிறகுதான் கை.

ஒயரைத் தொடாமலே ஒளிரும் பேனா டெஸ்டரை இதற்கு நம்ப வேண்டாம். ‘இருக்கலாம்’ என்று சொல்ல அது உதவும், ‘இல்லை’ என்று உறுதி சொல்ல உதவாது.

11. லைன் ஆஃப்தான், ஆனாலும் 60, 80 வோல்ட் காட்டுதே? ஷாக் அடிக்குமா?

பெரும்பாலும் அது பேய் வோல்டேஜ். ஒரே பைப்பில் உயிருள்ள ஒயரோடு பக்கத்தில் ஓடும் எதிலும் இணைக்காத ஒயர், ஒரு சின்ன கெபாசிட்டர் போல அதிலிருந்து வோல்டேஜை வாங்கிக்கொள்கிறது. மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். இவ்வளவு பெரிய தடை கிட்டத்தட்ட எதையும் இழுக்காததால் அந்த நோஞ்சான் வோல்டேஜும் அப்படியே திரையில் நிற்கிறது. 80 வோல்ட் காட்டும்போது மீட்டர் இழுப்பது வெறும் 8 மைக்ரோஆம்ப்.

சில மீட்டர்களில் ‘லோ-இசட்’ என்று ஒரு நிலை இருக்கும். அதில் உள்தடை சில கிலோஓம்தான். பேய் வோல்டேஜ் என்றால் உடனே சரிந்துவிடும். நிஜ லைன் என்றால் 230 அசையாமல் நிற்கும். அந்த நிலையில் பேஸ்-எர்த் அளந்தால் பத்துக் கணக்கான மில்லிஆம்ப் எர்த்துக்குப் போவதால் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) ட்ரிப் ஆகலாம், பயப்பட வேண்டாம். ஆனால் 60 வோல்ட்டைப் பார்த்ததும் ‘பேய்தான்’ என்று முடிவு கட்டிக் கை வைக்காதீர்கள். அறுந்த நியூட்ரல் லோடு வழியாகத் திரும்பி வரும் வோல்டேஜும் ஆரம்பத்தில் விசித்திர எண்ணாகத்தான் தெரியும். அது ஆளை அடிக்கும்.

12. பேஸ்-எர்த் 230 காட்டுது, அப்போ எர்த் நல்லா இருக்குன்னு அர்த்தம்தானே?

எர்த் ஒயர் எங்கோ சேர்ந்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். மேலே சொன்ன 10 மெகாஓமை மறுபடி பாருங்கள். எர்த் பாதையில் 1000 ஓம் தடை இருந்தாலும், மீட்டரின் 10 மெகாஓமுக்கு முன் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. திரையில் அதே 230 தான் நிற்கும். ஆனால் கருவியின் உடம்பில் பேஸ் ஒட்டிக்கொண்டால் அந்த 1000 ஓம் வழியே ஓடுவது 0.23 ஆம்ப். ஆர்சிசிபி இல்லாத போர்டில் எந்த பிரேக்கரும் அதற்கு விழாது, உடம்பு மட்டும் உயிரோடு நிற்கும்.

எர்த்தின் தரத்தைப் பார்க்க எர்த் டெஸ்டர் அல்லது லூப் டெஸ்டர் வேண்டும். மோட்டார் சுருளின் காப்பைப் பார்க்க 500 வோல்ட் கொடுக்கும் மெக்கர் வேண்டும். மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்ச் ஒன்றிரண்டு வோல்ட்டில் சோதிப்பதால் பழுதான காப்பும் அதில் நல்லதாகத் தெரியும்.

13. ரெசிஸ்டர் போர்டுல இருக்கும்போது ஒரு மதிப்பு, கழற்றினா வேற மதிப்பு. எது சரி?

கழற்றியது. போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாதைகள் எல்லாம் அதோடு இணையாக நிற்கின்றன. எழுதியதைவிடக் குறைவாகக் காட்டினால் சந்தேகம்தான், கழற்றிப் பார்க்க வேண்டும். எழுதியதைவிடத் தெளிவாக அதிகமாகக் காட்டினால் கழற்றாமலே அது கெட்டதென்று சொல்லலாம், போர்டில் சார்ஜ் எதுவும் மிச்சமில்லை என்றால். காரணம், இணைப்பாதைகள் தடையைக் குறைக்கத்தான் முடியும்.

கழற்றிய பிறகும் இரண்டு நுனியையும் விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள். 1 மெகாஓம் ரெசிஸ்டரோடு உங்கள் உடம்பும் இணையாகச் சேர்ந்துவிடும்.

14. ரெண்டு ப்ரோப்பையும் சேர்த்தா 0.3 ஓம் காட்டுது. மீட்டர் ரிப்பேரா?

இல்லை, அது ப்ரோப் ஒயரின் தடை. ‘ரெல்’ பட்டன் இருந்தால் ப்ரோப்பைச் சேர்த்தபடி அதை அழுத்துங்கள், மீட்டரே கழித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நீங்கள் கழியுங்கள். எண் ஆடினால் நுனியையும் துளையையும் துடையுங்கள்.

15. பஸ்ஸர் கத்துச்சுன்னா ஒயர் நல்லாத்தானே இருக்கு?

பல மீட்டர்களில் 30, 50 ஓம் வரைகூடப் பஸ்ஸர் கத்தும். தவிர, அது செலுத்துவது ஒரு மில்லிஆம்ப் அளவுதான். நூல் போல ஒரே இழை பிடித்திருந்தாலும் கத்தும். அந்த ஒயரில் 10 ஆம்ப் ஓட வேண்டுமென்றால், இணைப்பில் 1 ஓம் இருந்தாலே 10 வோல்ட் அங்கேயே விழும், 100 வாட் சூடு அந்த ஒரு புள்ளியில் எரியும்.

எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இங்கேதான் வருகிறது, பலர் இதைச் செய்வதே இல்லை. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பின் இரண்டு பக்கமும் ப்ரோப்பை வைத்து வோல்டேஜை அளங்கள். உதாரணத்துக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பேட்டரி முனைக்கும் அதில் மாட்டிய கிளாம்புக்கும் நடுவே. நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட், இல்லாவிட்டால் சில பத்து மில்லிவோல்ட் வரும். அரை வோல்ட் நின்றால் துரு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஒயரையும் கழற்றாமல், ஓம் ரேஞ்சால் பார்க்கவே முடியாத மில்லிஓமை இப்படிப் பிடித்துவிடலாம்.

16. டயோட் ரேஞ்ச்ல வர்ற எண் ஓமா, வோல்ட்டா?

வோல்ட். ஒரு சின்ன கரண்டைச் செலுத்தி டயோடின்மேல் விழும் வோல்டேஜைக் காட்டுகிறது. சிலிக்கான் டயோடுக்கு 0.5 முதல் 0.7, ஷாட்கி என்ற வகை டயோடுக்கு அதைவிடக் குறைவு. மாற்றி வைத்தால் ‘ஓஎல்’ என்றோ இடது ஓரத்தில் தனி 1 என்றோ வரும். இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் ஷார்ட். நீல, வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் பக்கம் தேவை. மீட்டர் அவ்வளவு தராவிட்டால் நல்ல எல்இடியும் திறந்தது போலத் தெரியும்.

17. துல்லியம் ‘±(0.5% + 2)’னு கையேட்டுல போட்டிருக்கு. அந்த 2 எதைக் குறிக்குது?

கடைசி இலக்கத்தில் 2. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1999 வரை காட்டும் மீட்டர், 20 வோல்ட் ரேஞ்ச், திரையில் 12.00. அரை சதவீதம் 0.06. கடைசி இலக்கம் 0.01, அதில் இரண்டு என்றால் 0.02. மொத்தம் 0.08. உண்மை 11.92-க்கும் 12.08-க்கும் நடுவே. அதே பேட்டரியை 200 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் கடைசி இலக்கம் 0.1 ஆகிவிடும், பிழை 0.06 + 0.2 = 0.26. ரேஞ்ச் மாறியதற்கே பிழை மூன்று மடங்குக்கு மேல். எண் வழியாமல் காட்டும் மிகச் சிறிய ரேஞ்ச்தான் துல்லியமானது. ஆட்டோ ரேஞ்ச் இதைத் தானே செய்துகொள்ளும்.

அந்தச் சதவீதம் வழக்கமாக 23 டிகிரி செல்சியஸுக்கு 5 டிகிரி கூடக் குறைய உள்ள சூழலுக்கும், காலிபரேஷன் செய்து ஒரு வருடம் வரைக்கும்தான். வெயிலில் கிடந்த மீட்டருக்கு அது பொருந்தாது. திரையில் இலக்கம் அதிகம் இருப்பதும் துல்லியம் அதிகம் இருப்பதும் வேறு வேறு.

18. ரெண்டு மீட்டர் ரெண்டு விதமாக் காட்டுது. எதை நம்புறது?

முதலில் வேறுபாடு உண்மையில் வேறுபாடுதானா என்று பாருங்கள். ஒன்று 12.03, மற்றது 12.09 என்றால், முந்தைய கணக்குப்படி இரண்டும் தத்தம் எல்லைக்குள்தான். எல்லையைத் தாண்டினால் முதலில் இரண்டின் பேட்டரியையும் மாற்றுங்கள். பேட்டரி இறங்கும்போது பல மலிவு மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டும், தங்கள் உள் ஒப்பு வோல்டேஜ் சரிவதால். அதன் பிறகும் ஒத்துவராவிட்டால், ஒரு துல்லியமான வோல்டேஜ் ரெபரன்ஸ் ஐசியும் 0.1% ரெசிஸ்டர் ஒன்றும் வைத்து எது விலகுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

19. எண் நிக்காம ஆடிக்கிட்டே இருக்கு, ஏன்?

ப்ரோப் எதையும் தொடாமல் இருந்தால் ஆடுவது இயல்பு. 10 மெகாஓம் உள்தடை சுற்றியுள்ள மின்புலத்தையெல்லாம் பிடிக்கும். தொட்ட பிறகும் ஆடினால் அளக்கும் சிக்னலே ஆடுகிறது, இல்லையேல் நுனி சரியாகப் பிடிக்கவில்லை. மீட்டர் ஒரு கணத்தைப் படம் பிடிப்பதில்லை, சிறிது நேரத்துக்குக் கூட்டிச் சராசரி எடுக்கிறது. 100 மில்லிவிநாடி என்பது 50 ஹெர்ட்ஸில் சரியாக 5 சுற்று, 60 ஹெர்ட்ஸில் சரியாக 6 சுற்று. அதனால்தான் அந்த நேரத்துக்குக் கூட்டும் மீட்டரில் மெயின் இரைச்சல் தானே கழிந்துபோகிறது. விநாடிக்கு இரண்டு மூன்று முறையே எண் மாறுவதால் வேகமான துள்ளல் எதுவும் மீட்டரில் தெரியாது. அதற்கு அலையின் வடிவத்தையே திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

20. ‘ட்ரூ ஆர்எம்எஸ்’ மீட்டர் அவசியமா?

ஆர்எம்எஸ் என்பது அதே சூட்டைத் தரும் டிசியின் அளவு. சுத்தமான சைன் அலை மட்டும் என்றால் ட்ரூ ஆர்எம்எஸ் தேவையில்லை. சாதாரண மீட்டர் ஏசியை ஒருபக்கமாக்கிச் சராசரி எடுத்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அந்த 1.11 சைனுக்கு மட்டும் பொருந்தும். சதுர அலையில் 11 சதவீதம் கூடக் காட்டும். கம்ப்யூட்டர் பவர் சப்ளை, எல்இடி விளக்கு போன்றவை அலையின் உச்சியில் மட்டும் சின்னச் சின்னத் துடிப்பாகக் கரண்ட் இழுக்கின்றன. அங்கே 40 சதவீதம் வரைகூடக் குறைத்துக் காட்டக்கூடும். ஒயர் சூடாகிறது, மீட்டரோ கரண்ட் குறைவு என்கிறது. டிம்மர், யூபிஎஸ், டிரைவ் பக்கம் வேலை செய்பவர்கள் ட்ரூ ஆர்எம்எஸ் வாங்கிவிடுவதே நல்லது.

21. 12 வோல்ட் பிடபிள்யூஎம் கண்ட்ரோலர், பாதி வேகம். டிசில 6 காட்டுது, ஏசிலயும் 6 காட்டுது. எது உண்மை?

பிடபிள்யூஎம் என்பது மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்து சராசரியைக் குறைக்கும் முறை. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டராக இருந்தால் இரண்டும் உண்மை. பாதி நேரம் 12, பாதி நேரம் 0, சராசரி 6. டிசி ரேஞ்ச் காட்டுவது அது. பெரும்பாலான மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியை வடிகட்டிவிடும். மிஞ்சுவது +6, -6 என்று ஆடும் சதுர அலை, அதன் ஆர்எம்எஸ்ஸும் 6. ஹீட்டருக்குப் போகும் சூடு இரண்டையும் சேர்த்ததிலிருந்து வருகிறது: 36 + 36 = 72, அதன் வர்க்கமூலம் 8.5 வோல்ட். ஏசி, டிசி சேர்த்துக் காட்டும் நிலை உங்கள் மீட்டரில் இருந்தால் நேராக 8.5 வரும். மோட்டார் வேகத்துக்குப் பெரும்பாலும் சராசரி 6-ஐப் பாருங்கள், சூட்டுக்கு 8.5-ஐ.

பிடபிள்யூஎம் வேகம் பல கிலோஹெர்ட்ஸ் என்றால் ஏசி எண்ணை நம்பும் முன் கையேட்டில் மீட்டரின் ஏசி எல்லையைப் பாருங்கள். பல சின்ன மீட்டர்களுக்கு 400 ஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம்.

22. கரண்ட் அளக்க மீட்டரை நடுவுல போட்டாலே என் போர்டு ரீசெட் ஆகுது!

மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு பாகம் என்று ஆரம்பத்தில் சொன்னது இங்கே கண்ணெதிரே தெரிகிறது. மில்லிஆம்ப் ரேஞ்சில் உள்ளே 1 ஓம் ஷன்ட் (கரண்டை அளக்க வைத்த சின்னத் தடை), அதோடு பியூஸ், ப்ரோப் ஒயர் எல்லாம் சேர்த்து 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வைஃபை போர்டு கணநேரம் 300 மில்லிஆம்ப் இழுத்தால் 0.6 வோல்ட் மீட்டரிலேயே விழும். 3.3 வோல்ட் போர்டுக்குப் போய்ச் சேர்வது 2.7. அது ரீசெட் ஆகாமல் என்ன செய்யும்?

10 ஆம்ப் துளைக்கு மாறினால் விழுவது மிகவும் குறையும், ஆனால் 1999 வரை காட்டும் மீட்டரில் 10 மில்லிஆம்ப்புக்குக் கீழே தெரியாது. என் விருப்பம்: 0.1 ஓம் ரெசிஸ்டரை ஒயரில் சேர்த்து, அதன்மேல் விழுவதை மில்லிவோல்ட் ரேஞ்சில் படிப்பது. 300 மில்லிஆம்ப்புக்கு 30 மில்லிவோல்ட், போர்டுக்கு அது தெரியவே தெரியாது.

23. கணக்குப்படி 5 வோல்ட் வரணும், 4.76 தான் காட்டுது. ரெசிஸ்டர் சரியாத்தான் இருக்கு.

10 வோல்ட்டை இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டரால் பாதியாக்கியிருக்கிறீர்கள், சரியா? மீட்டரின் 10 மெகாஓம் கீழ் ரெசிஸ்டரோடு இணையாகச் சேர்ந்தால் வர வேண்டியது சரியாக 4.76. மீட்டரை எடுத்தால் 5-க்கே திரும்பிவிடும். அதையே இரண்டு 10 கிலோஓமால் செய்திருந்தால் விலகல் 3 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. உயர் தடையுள்ள சென்சார்களில் எண் குறைந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பிறகு பாகத்தைச் சந்தேகப்படுங்கள்.

24. எஸ்எம்பிஎஸ் போர்டைப் பிளக்கிலிருந்து எடுத்துட்டேன். ஓம்ல அளக்கலாமா?

இன்னும் இல்லை. எஸ்எம்பிஎஸ் என்பது மெயினை முதலில் நேராக டிசியாக்கி, பிறகு வேகமாகச் சுவிட்ச் செய்து வோல்டேஜை இறக்கும் பவர் சப்ளை. 230 வோல்ட்டின் உச்சி 325. பெரிய கெபாசிட்டரில் அந்த 325 வோல்ட் டிசி தேங்கி நிற்கலாம். 100 மைக்ரோபாரட் என்றால் 5 ஜூல், நல்ல அடி. ஓம் ரேஞ்சில் தொட்டால் மீட்டருக்கும் சேதம். முதலில் டிசி வோல்ட்டில் அளங்கள். இருந்தால், காப்பிட்ட பிடியுள்ள ப்ரோப்பில் கோர்த்த 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரால் ஐந்தாறு விநாடி தொட்டு இறக்குங்கள். மறுபடி அளந்து பாருங்கள். மீட்டரை வைத்துக்கொண்டு காத்திருந்தால் தானே இறங்கும் என்று நினைக்க வேண்டாம். 100 மைக்ரோபாரடும் 10 மெகாஓமும் சேர்ந்தால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு இறங்கவே 17 நிமிடம் ஆகும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிப்பதும் வேண்டாம், பொறி கண்ணுக்குத்தான் வரும்.

25. அதே போர்டை ஆன் பண்ணி அளக்கும்போது கறுப்பை எங்க வைக்கிறது? அவுட்புட் கிரவுண்டுல வெச்சா ப்ரைமரி பக்கம் ஒண்ணுமே சரியா வரலை.

வராது. டிரான்ஸ்பார்மரின் மெயின் பக்கத்துக்கும் (ப்ரைமரி) அவுட்புட் பக்கத்துக்கும் (செகண்டரி) தனித்தனிக் கிரவுண்டு, இரண்டுக்கும் நடுவே நேரடி இணைப்பு இல்லை. ப்ரைமரி பக்கம் அளக்கக் கறுப்பு பெரிய கெபாசிட்டரின் எதிர்முனையில், செகண்டரி பக்கம் அளக்க அவுட்புட் எதிர்முனையில். ப்ரைமரியின் ‘கிரவுண்டு’ என்பது பேரளவில்தான் கிரவுண்டு. ஏசியை டிசியாக்கும் டயோட் பிரிட்ஜ் வழியே அது மெயினோடு சேர்ந்திருக்கிறது, தொட்டால் அடிக்கும். 9-ஆம் பதிலில் சொன்ன ஒரு கைப் பழக்கம் இங்கே கட்டாயம்: பவர் இல்லாதபோது கறுப்புக் கிளிப்பை மாட்டி, பவர் கொடுத்த பின் சிவப்பால் மட்டும் தொடுங்கள்.

பேட்டரியில் ஓடும் மல்டிமீட்டர் எதனோடும் இணையாமல் மிதப்பதால் இதை அளக்க முடிகிறது. ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. அதை அதே கெபாசிட்டரின் எதிர்முனையில் மாட்டினால் பிரிட்ஜ் வழியே மெயின் ஷார்ட் ஆகும். அங்கே ஸ்கோப்புக்கு, இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் அளக்கும் டிபரன்ஷியல் ப்ரோப் வேண்டும், அல்லது மெயினோடு நேரடி இணைப்பை அறுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகப் போர்டை ஓட்ட வேண்டும்.